பானை மூடியாக இருந்த இசைத்தட்டில் பாடும் இந்த முதியவர் யார்?

நிபோங்திபால்காரன் கேட்கிறார்:

வணக்கம். நான் மலேசியாவின் நிபோங் திபாலில் பிறந்து வளர்ந்தவன். ஊரை ஒட்டியிருந்த ஒரு தோட்டத்தில் என் தாத்தா துரை பங்களாவில் சமையல்காரராக இருந்தார். கித்தா என்ற ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்ட காலத்தில், கடைசி வெள்ளைக்காரத் துரை தம் நாட்டுக்குத் திரும்பும்போது விட்டுச் சென்ற இசைத்தட்டுகளைத் தாத்தா ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கி, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குக் கொண்டுவந்தாராம். அவற்றைச் சுழலவிட்டுக் கேட்கும் கருவி எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை. பாட்டி அவற்றில் ஒன்றை அரிசிப் பானைக்கு மூடியாகப் பல ஆண்டுகள் பயன்படுத்தினார். மற்றவை கட்டிலுக்கு அடியில் கிடந்து கறையான் கண்டன.

சென்ற மாதம் வீட்டைக் காலி செய்தபோது அந்தப் பானை மூடித் தட்டும் அதன் உறையும் கிடைத்தன. உறைப் படத்தில் இளையவர்கள் சிலர் பிடிலும் பேஞ்சோ என்ற தந்திக் கருவியும் வைத்திருக்க, அவர்களுக்கு நடுவில் ஒரு முதியவர் இருக்கிறார். அவர் கையில் உள்ள கருவியைத்தான் என்னால் அடையாளம் காண முடியவில்லை. ஒரு மூலை வெட்டப்பட்ட பலகை போன்ற மரப்பெட்டி, அதன் மேல் நெருக்கமாகக் கம்பிகள், கம்பிகளுக்குக் குறுக்கே வரிசையாகச் சில கட்டைகள். முதியவரின் பெயர் எர்னெஸ்ட் ஸ்டோன்மன் என்று தெரிந்துகொண்டேன். தேடிப் பார்த்ததில், அமெரிக்க நாட்டுப்புறத்தில் பிறந்த கண்ட்ரி இசையின் தொடக்ககாலப் பாடகர் என்றும், பாடகர்களைத் தேடிப் பிடித்து இசைத்தட்டு நிறுவனத்திடம் கொண்டுசேர்த்தவர் என்றும் இரண்டு வரிகளில் முடித்துவிட்டார்கள்.

எனக்கு விளங்காதது இதுதான். தாமே பாடிப் பிழைக்கும் ஒருவர் தமக்குப் போட்டியாக வரக்கூடியவர்களை ஏன் தேடிப் போக வேண்டும்? எங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் இவரைப் பற்றி அரை மணி நேரம் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் பால் மரம் வெட்டி ஓய்ந்தவர்கள். அவர்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். விவரம் அறிந்தவர்கள் உதவினால் நன்றியுடையவனாவேன்.

பழைய கிராமபோன் (தைப்பிங்) எழுதுகிறார்:

தம்பி, முதலில் அந்தத் தட்டைப் பானையிலிருந்து மீட்டதற்கு என் நன்றி. உங்கள் பாட்டி மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தத் தட்டின் எடைக்கும் வட்டத்துக்கும் அது நல்ல மூடியாகத்தான் இருந்திருக்கும்.

எர்னெஸ்ட் ஸ்டோன்மன் 1893-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள், வர்ஜீனியா மாநிலத்தின் மலைப்பகுதியான கரோல் கவுண்டியில், கேலக்ஸ் என்ற சிற்றூருக்கு அருகில் பிறந்தார். 3 வயதில் தாயை இழந்தவர். தொழிலால் தச்சர், ஆலைகளிலும் கட்டுமான இடங்களிலும் கூலிக்கு உழைத்தவர். 1918-இல் ஹாட்டி ஃபிராஸ்ட் என்ற பெண்ணை மணந்தார். ஹாட்டியின் வீட்டில் எல்லோரும் இசை அறிந்தவர்கள். அவரே பிடிலும் பேஞ்சோவும் வாசிப்பார். இத்தம்பதியருக்குப் பிறந்த பிள்ளைகள் 23 பேர். அவர்களில் 13 பேர் வளர்ந்து ஆளானார்கள்.

அவர் இசைத்தட்டுக்கு வந்த கதையில் பொறாமைக்குப் பெரிய பங்கு உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஃபிரைஸ் என்ற ஊரின் பஞ்சாலையில் வேலை பார்த்த ஹென்றி விட்டர் என்பவரை ஸ்டோன்மனுக்குத் தெரியும். அந்த விட்டர் நியூயார்க் சென்று ஒரு ரயில் விபத்தைப் பற்றிய பாட்டைப் பதிவு செய்ய, 1924-இல் அது இசைத்தட்டாக வெளிவந்து நன்றாக விற்றது. தச்சு வேலைக்காக வெளியூரில் தங்கியிருந்த ஸ்டோன்மன் அந்தத் தட்டைக் கேட்டார். மூக்கால் பாடும் இந்த மனிதரையே தட்டில் ஏற்றுகிறார்கள் என்றால் நம்மால் இதைவிட நன்றாகப் பாட முடியாதா என்று அவருக்குத் தோன்றியது. நம் கோயில் திருவிழா மேடைகளில் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எந்தப் பாடகருக்கும் தோன்றுகிற எண்ணம்தான். வேறுபாடு என்னவென்றால், ஸ்டோன்மன் அன்றே நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதிவிட்டு, 1924 செப்டம்பரில் தம் சொந்தச் செலவில் நியூயார்க்குக்கு ரயிலேறினார்.

ஓகே என்ற நிறுவனத்துக்காக அவர் குரலைப் பதிவு செய்தவர் ரால்ஃப் பியர். முதல் பதிவு மிகவும் வேகமாக இருக்கிறது என்று சொல்லி அதை வெளியிடாமல் வைத்துவிட்டார்கள். 1925 ஜனவரியில் மீண்டும் போய் நிதானமாகப் பாடிக் கொடுத்தார். 1912-இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலைப் பற்றிய பாட்டு அது. அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததும் அதுதான். அதன்பின் 1929 வரை ஓகே, எடிசன், விக்டர், ஜெனட் என்று பல நிறுவனங்களுக்கு 200-க்கும் மேற்பட்ட பாடல்களைப் பதிவு செய்தார். தட்டுக்கு முன் ஒலி பதித்த எடிசனின் உருளைகளிலும் அவர் குரல் உண்டு, 1960-களின் ஸ்டீரியோ தட்டுகளிலும் உண்டு. தொழில்நுட்பத்தின் இரண்டு கரைகளையும் தொட்டவர்கள் மிகவும் அரிது. உங்கள் பாட்டியின் பானை மூடி இரண்டாவது கரையைச் சேர்ந்தது.

ஆள் தேடிய கதையை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கு இருக்கிறார்கள்.

கிராணி மகன் எழுதுகிறார்:

ஐயா என்னைத்தான் சுட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அன்றைய அமெரிக்காவில் கிராமபோன் பெட்டிகளையும் இசைத்தட்டுகளையும் பெரும்பாலும் மேசை நாற்காலிக் கடைகளில்தான் விற்றார்கள். எந்தப் பாட்டைக் கேட்டு மக்கள் காசை எடுக்கிறார்கள் என்பது நியூயார்க்கில் இருந்த முதலாளிக்குத் தெரியாது, கடைக்காரருக்குத் தெரியும். அட்லாண்டாவில் போல்க் பிராக்மன் என்ற கடைக்காரர்தான் 1923-இல், ஜான் கார்சன் என்ற பிடில்காரரைப் பதிவு செய்யும்படி ரால்ஃப் பியரை வற்புறுத்தினார். கார்சனின் குரல் பியருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. இருந்தாலும் பிராக்மன் 500 தட்டுகள் கேட்டார். அவை விற்றுத் தீர்ந்தன. மலைப்பகுதி மனிதர்களின் காதைத் தம்மால் கணிக்க முடியாது, அதற்கு அந்த மண்ணிலேயே ஓர் ஆள் வேண்டும் என்ற பாடத்தைப் பியர் அப்போதே படித்துக்கொண்டார்.

பின்னர் விக்டர் நிறுவனத்துக்கு வந்த பியர், 1927 கோடையில் பதிவுக் கருவிகளையும் இரண்டு பொறியாளர்களையும் அழைத்துக்கொண்டு பிரிஸ்டல் என்ற ஊருக்குப் போனார். அந்த ஊரின் முதன்மைச் சாலையே மாநில எல்லை. ஒரு நடைபாதை வர்ஜீனியா, எதிர் நடைபாதை டென்னசி. (நிபோங் திபாலைத் தாண்டினால் பேராக் மாநிலம், பாரிட் புந்தாரில் ஆற்றைக் கடந்தால் கெடா மாநிலம் என்று வாழும் நமக்கு இது வியப்பாக இருக்காது.) முன்பு தொப்பி நிறுவனம் ஒன்று இருந்த கட்டடத்தில் போர்வைகளைச் சுவரில் தொங்கவிட்டு எதிரொலியை அடக்கி, ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 5 வரை பதிவு செய்தார்கள். முதல் நாள் ஒலிவாங்கியின் முன் நின்றவர் எர்னெஸ்ட் ஸ்டோன்மன்.

அவரை முதலில் நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. அவர் ஏற்கெனவே பழகிய கை, பதிவு சொதப்பாது. பியர் இந்த வட்டாரத்துக்கு வருவதற்கு முன்பே, யார் எங்கே நன்றாக வாசிக்கிறார்கள் என்று அவருக்குச் சொல்லி வைத்தவரும் ஸ்டோன்மன்தான். கேலக்ஸ் பக்கத்திலிருந்து எக் டன்ஃபர்ட் என்ற முதிய பிடில்காரர், கேல் புரூவர் என்ற இளைய பிடில்காரர் என்று தம் சுற்றத்தாரையும் அண்டை அயலாரையும் அவரே அழைத்து வந்தார். ஒரு குழு வெவ்வேறு பெயர்களில் வெவ்வேறு விதமாகப் பாடிக் கொடுப்பதும் நடந்தது.

ஆனாலும் முதல் சில நாள் பியர் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. அப்போது உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்றின் செய்தியாளரைப் பியர் பதிவு அறைக்கு அழைத்தார். ஜூலை 27-ஆம் நாள் வெளிவந்த அந்தச் செய்தியில், ஸ்டோன்மனுக்கு ஒரு நாள் ஊதியம் 100 டாலர் என்றும், உடன் வாசிப்பவர்களுக்கு ஆளுக்கு 25 டாலர் என்றும், முந்தைய ஆண்டில் தட்டு விற்பனையின் பங்காக அவருக்கு 3,600 டாலருக்கு மேல் கிடைத்தது என்றும் இருந்தது. ஃபோர்டின் டி மாடல் கார் 400 டாலருக்கும் குறைவாகக் கிடைத்த ஆண்டு அது. ஒரு மலைத்தச்சர் பாடியே ஆண்டுக்கு ஒன்பது கார் வாங்கும் பணம் பார்க்கிறார் என்றால் யார்தான் வீட்டில் இருப்பார்கள்? அதன்பின் பியருக்கு மூச்சுவிட நேரமில்லை. பன்னிரண்டு நாளில் 19 குழுக்கள், 76 பதிவுகள். ஆகஸ்ட் 1-ஆம் நாள் வந்தவர்கள் கார்ட்டர் குடும்பத்தார். 4-ஆம் நாள் வந்தவர் ஜிம்மி ராஜர்ஸ். பின்னாளில் கண்ட்ரி இசையின் தாய் தந்தையர் என்று சொல்லப்பட்டவர்கள் இவர்களே.

உங்கள் வட்டத்தில் வந்து அமரும் பெரியவர்களுக்கு இதை ஒரே சொல்லில் விளக்கலாம்: ஸ்டோன்மன் ஒரு கங்காணி. தோட்ட வேலைக்கு நம் முன்னோரை ஊரிலிருந்து அழைத்து வந்த கங்காணியும் துரை இனத்தைச் சேர்ந்தவரல்லர், நம்மில் ஒருவர். சொந்த ஊருக்குத் திரும்பிப் போய், கோட்டும் கடுக்கனுமாகத் தெருவில் நடந்து காட்டுவார். அவர் வாயால் சொன்னதைவிட அவர் காதில் மின்னியதுதான் ஆட்களைக் கப்பலேற்றியது. பிரிஸ்டலில் அந்தக் கடுக்கனின் வேலையைச் செய்தித்தாள் செய்தது.

லயத்து வீடு எழுதுகிறார்:

கிராணி மகன் தம்பிக்கு வணக்கம். நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஒப்புமை அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அதை அப்படியே மேடையில் சொல்ல வேண்டாம் என்று கேள்வி கேட்ட தம்பியிடம் கேட்டுக்கொள்கிறேன். என் தந்தையும் தாயும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் கங்காணியின் முன் நின்றவர்கள்.

கங்காணி தாம் அழைத்து வந்தவர்களின் தலையை எண்ணிக் காசு வாங்கினார். வேலைக்கு வந்தவர் எத்தனை பேரோ, அத்தனைக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. வந்தவர்களின் முன்பணக் கடன் அவர்களை அவரிடம் கட்டிப்போட்டது. ஊரில் வாங்கிய கடன் இங்கே கழுத்தில் தொங்கியது. இந்திய அரசு 1938-இல் தடை விதிக்கும் வரை இப்படித்தான் நடந்தது. ஸ்டோன்மன் யாரைக் கடனில் கட்டினார்? டன்ஃபர்ட் பாடினால் டன்ஃபர்டுக்குத்தான் காசு. பக்கத்து வீட்டாரைக் கூட்டி வந்தவருக்கும் கூலிப்படைத் தலைவருக்கும் உள்ள வேறுபாட்டை மறைத்துவிட்டால், நாம் ஸ்டோன்மனைத் தாழ்த்துவதோடு கங்காணியையும் உயர்த்திவிடுகிறோம்.

உண்மையில் பார்க்க வேண்டியது பியரைத்தான். விக்டர் நிறுவனத்திடம் அவர் சம்பளமே கேட்கவில்லை. பாடல்களின் பதிப்புரிமை தம் கையில் இருந்தால் போதும் என்றார். பாடியவர்களுக்கு ஒரு பாட்டுக்கு 50 டாலரும் விற்ற தட்டுக்குச் சில காசும் கிடைத்தன. 50 டாலர் அந்த மலைவாசிகளுக்குப் பெரிய தொகைதான். ஆனால் அதே பாட்டை வேறு யார் எத்தனை முறை பதிவு செய்தாலும் பதிப்புரிமைக்காரர் வீட்டுக்குப் பணம் போய்க்கொண்டே இருக்கும். 1928-இல் அதற்கென்றே அவர் ஒரு பதிப்பகம் தொடங்கினார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. பாடகர்களுக்கும் ஒரு பங்கு கொடுத்தார், அன்றைய வழக்கத்தில் அதுவே பெரிது. ஆனால் சம்பளம் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அவர் வேறு எதை எடுத்துக்கொள்கிறார் என்று பார்க்க வேண்டும்.

சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் பெரியப்பா எங்கள் தோட்டத்தில் உருமி மேளக் குழு வைத்திருந்தார். கேசட் காலத்தில் ஒருவர் வந்து, கோயில் மண்டபத்திலேயே ஒரு இரவு முழுதும் பாடவைத்துப் பதிவு செய்தார். குழுவுக்கு 60 ரிங்கிட்டும் இரண்டு பொட்டலம் நாசி கோரேங்கும் கொடுத்தார். அந்த கேசட் பிறகு பல ஆண்டுகள் பட்டணத்துக் கடைகளில் விற்றது. உறையில் பெரியப்பா பெயர் இல்லை. பெரியப்பாவுக்கு அது பற்றி வருத்தமே இல்லை. கேசட்டில் தம் குரலைக் கேட்டதே போதும் என்றார். வருத்தம் எங்களுக்குத்தான். அந்த ஆளை ஊருக்கு அழைத்து வந்தவரும் எங்கள் குழுவில் தவில் அடித்தவர்தான். அவருக்கும் அதே சோற்றுப் பொட்டலம்தான் கிடைத்தது. ஸ்டோன்மனைப் படிக்கும்போது எனக்கு அந்தத் தவில்காரர் நினைவுதான் வருகிறது, கங்காணி நினைவு வரவில்லை.

கிராணி மகன் எழுதுகிறார்:

அக்கா, ஒப்புக்கொள்கிறேன். கடுக்கனை மட்டும் வைத்துக்கொண்டு தலைக்காசை மறந்துவிட்டேன். என் தந்தை தோட்டக் கணக்கரான கிராணியாக இருந்ததால், ஆட்களின் வருகையைக் குறிக்கும் செக்ரோல் புத்தகத்தின் பக்கத்திலிருந்தே பார்த்துப் பழகிவிட்டேன் போலும். பேச்சில் அந்த ஒப்புமை வந்தால் உங்கள் மறுப்பும் உடன் வரட்டும்.

சுருதிப்பெட்டி (பட்டர்வொர்த்) எழுதுகிறார்:

நான் ஆர்மோனியம், சுருதிப்பெட்டி பழுது பார்ப்பவன். கருவியைப் பற்றிய கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

அதன் பெயர் ஆட்டோஹார்ப். ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவுக்குக் குடியேறிய சார்ல்ஸ் சிம்மர்மன் என்பவர் 1882-இல் ஒரு வடிவத்துக்குக் காப்புரிமை பெற்று, அதற்கு அந்தப் பெயரை வைத்தார். பெரும்பாலும் 36 கம்பிகள் இருக்கும். யாழைப் போல ஒவ்வொரு கம்பியும் ஒரு சுரத்தை மட்டுமே தரும். விரலால் அழுத்திச் சுரத்தை மாற்றும் வேலை இல்லை. குறுக்கே உள்ள கட்டைகள்தான் இதன் சூட்சுமம். ஒவ்வொரு கட்டையின் அடியிலும் கம்பளித் துணி ஒட்டியிருக்கும். அந்தத் துணியில் சில இடங்களில் மட்டும் பள்ளம் வெட்டியிருப்பார்கள். பொத்தானை அழுத்தினால் கட்டை கீழே இறங்கும். துணி படுகிற கம்பிகள் வாயடைத்துப் போகும். பள்ளத்துக்கு நேரே உள்ள கம்பிகள் மட்டும் ஒலிக்கும். அப்படி ஒலிப்பவை ஒன்றோடொன்று இசையும் சுரங்களாக இருக்கும்படி பள்ளங்கள் அமைந்திருக்கும். ஆக, இந்தக் கருவியில் வாசிக்க வேண்டிய சுரத்தைத் தேடி விரல் போவதில்லை, வேண்டாத சுரங்களை அடக்கவே விரல் போகிறது. புல்புல்தாராவிலும் பொத்தான் உண்டு, ஆனால் அங்கே பொத்தான் கம்பியை அழுத்திச் சுரத்தை உண்டாக்குகிறது. இங்கே நேர் எதிர்.

ஒரு முறை இங்கே ஒரு தேவாலயத்திலிருந்து பழுதான ஆட்டோஹார்ப் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நம் நாட்டு ஈரக் காற்றில் கம்பளி உப்பி, பள்ளங்கள் மூடிக்கொண்டு, எந்தப் பொத்தானை அழுத்தினாலும் பெட்டி ஊமையாகிவிட்டது. ஆர்மோனியத்துக்கு வைத்திருந்த கம்பளித் துணியை அளந்து வெட்டி ஒட்ட எனக்கு நான்கு நாள் ஆயிற்று. சுருதி சேர்க்க மேலும் ஒரு நாள். 36 முளைகளை ஒன்றொன்றாகத் திருகி முடிக்கும்போது முதல் கம்பி இறங்கியிருக்கும். ஸ்டோன்மன் தச்சர் என்று படித்தபோது, இந்தக் கருவி அவருக்கு ஏன் ஒத்து வந்தது என்று எனக்குப் புரிந்தது. இதை வைத்திருப்பவர் பாதி நேரம் வாசிக்க வேண்டும், பாதி நேரம் பழுது பார்க்க வேண்டும்.

இசைத்தட்டில் ஆட்டோஹார்ப்பை முதலில் ஏற்றியவர்களில் ஒருவராக அவரைச் சொல்கிறார்கள். கழுத்தில் ஒரு தாங்கியை மாட்டி அதில் மௌத்தார்கனையும் பொருத்திக்கொள்வார். இரண்டு கைகளும் கம்பியில் இருக்க, பாட்டுக்கு இடையில் வாயும் வாசிக்கும். நாலு பேர் கூலியை ஒருவரே வாங்கும் ஏற்பாடு.

நிபோங்திபால்காரன் எழுதுகிறார்:

எல்லோருக்கும் நன்றி. இத்தனை விரிவான விடைகளை நான் எதிர்பார்க்கவில்லை. லயத்து வீடு அக்காவின் மறுப்பை அப்படியே குறித்துக்கொண்டேன்.

இன்னும் ஒன்று மட்டும் கேட்கிறேன். 1927-இல் ஆண்டுக்கு 3,600 டாலர் பார்த்தவர் 1960-களில் தம் பிள்ளைகளோடு ஒரு தட்டின் உறையில் நிற்கிறார். இடையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருக்கின்றன. அந்தக் காலத்தில் அவர் என்ன செய்தார்?

பழைய கிராமபோன் எழுதுகிறார்:

பட்டினி கிடந்தார் என்று ஒரே சொல்லில் எழுதிவிடலாம், ஆனால் அது நியாயமாகாது.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை விழுந்தது. அதே மாதம் எடிசன் நிறுவனம் இசைத்தட்டுத் தொழிலையே மூடிவிட்டது. ஒரு தட்டின் விலை மலைக்குடும்பத்துக்கு ஒரு வாரச் சோறு என்று ஆனபோது பாட்டுக்கு யார் காசு கொடுப்பார்கள்? அதே ஆண்டுகளில்தான் இங்கே ரப்பர் விலை சரிந்து, நம் ஆட்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். உங்கள் வட்டத்துப் பெரியவர்களின் பெற்றோர் அதைக் கண்ணால் கண்டிருப்பார்கள். ஆகவே இந்த இடத்தில் நீங்கள் விளக்கம் சொல்லத் தேவையிருக்காது.

ஸ்டோன்மன் வீட்டையும் உடைமைகளையும் இழந்து, 1932-இல் மனைவி மக்களோடு வாஷிங்டன் நகர்ப்பக்கம் குடிபெயர்ந்தார். 1934-இல் மூத்த மகனோடு மீண்டும் நியூயார்க் சென்று சில பாடல்களைப் பதிவு செய்தார். அதனால் நிலைமை மாறவில்லை. கிடைத்த தச்சு வேலையைச் செய்தார். பின்னர் கடற்படையின் பீரங்கித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. மேரிலண்டில் ஒரு துண்டு நிலத்தில் தம் கையாலேயே ஓர் அறை வீடு கட்டி, அத்தனை பிள்ளைகளையும் அதில் வைத்து வளர்த்தார். கடைச் சாமான் வாங்கவே பணம் இல்லாத வீட்டில் இசைக்கருவிக்கு எங்கே போவது? தச்சரல்லவா, தாமே செய்து கொடுத்தார். பின்னாளில் பேஞ்சோவில் பெயர் பெற்ற மகள் ரோனியின் முதல் பேஞ்சோ தந்தை செய்தது.

என் கணிப்பில், அவர் தேடிக் கண்டெடுத்த மிகச் சிறந்த கலைஞர்கள் பிரிஸ்டலுக்கு வந்தவர்கள் அல்லர். அந்த ஓர் அறை வீட்டில் இருந்தவர்கள்தான். 1947-இல் வாஷிங்டனில் நடந்த ஒரு திறமைப் போட்டியில் குடும்பமாக வென்றார்கள். அதனால் உள்ளூர்த் தொலைக்காட்சியில் தோன்ற வாய்ப்பு வந்தது. 1956-இல் ஒரு தொலைக்காட்சி வினாவிடை நிகழ்ச்சியில் ஸ்டோன்மன் 10,000 டாலர் வென்றார். அதே ஆண்டில் மகன் ஸ்காட்டும் மகள் டோனாவும் இருந்த குழு வேறொரு தேசியத் திறமைப் போட்டியில் வென்றது. ஸ்காட்டின் பிடிலைக் கேட்டிருக்கிறீர்களா? வில் தீப்பற்றிக்கொள்ளுமோ என்று தோன்றும். 1965-இல் குடும்பம் நாஷ்வில் நகருக்கு மாறியது. மறு ஆண்டே தொலைக்காட்சியில் அவர்களுக்குத் தனி நிகழ்ச்சி. 1967-இல் கண்ட்ரி இசைச் சங்கம் முதன்முறையாக விருதுகள் வழங்கியபோது, சிறந்த பாடற்குழு விருது ஸ்டோன்மன் குடும்பத்துக்குப் போனது. அடுத்த ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் எர்னெஸ்ட் ஸ்டோன்மன் காலமானார். வயது 75.

உங்கள் முதல் கேள்விக்கு, அதாவது போட்டியாளர்களை ஏன் தேடிப் போனார் என்பதற்கு, நேரான விடை என்னிடம் இல்லை. ஆனால் ஒரு கணக்கைச் சொல்கிறேன். கண்ட்ரி இசைப் புகழ்மண்டபத்தில் ஜிம்மி ராஜர்ஸுக்கு இடம் கிடைத்தது 1961-இல். கார்ட்டர் குடும்பத்துக்கு 1970-இல். ரால்ஃப் பியருக்கு 1984-இல். ஸ்டோன்மனுக்கு 2008-இல். பிரிஸ்டலில் முதல் நாள் நின்றவர் கடைசியாக உள்ளே போனார். அவர் தம் போட்டியாளர்களைத்தான் கூட்டி வந்தார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் மலையில் ஒருவர் நன்றாக வாசித்தால் அதைப் பக்கத்து வீட்டில் சொல்லாமல் இருக்க முடியாது. தைப்பிங்கில் நல்ல தவில் கேட்டால் நானே மறுநாள் காலை நாலு பேருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுகிறேன். எனக்கு யாரும் தலைக்காசு தருவதில்லை.

நிபோங்திபால்காரன் எழுதுகிறார்:

பேச்சு நேற்று நடந்து முடிந்தது. இருபத்திரண்டு பேர் வந்தார்கள். பாரிட் புந்தாரிலிருந்து ஒரு நண்பர் தம் தட்டுச் சுழற்றியைக் கொண்டுவந்தார். பாட்டி வீட்டுத் தட்டை ஈரத்துணியால் துடைத்துப் போட்டோம். பானையின் விளிம்பு பதிந்து வட்டமாக ஒரு கோடு விழுந்திருப்பதால், மூன்றாவது பாட்டின் நடுவில் ஊசி துள்ளி நான்காவது பாட்டுக்குப் போய்விடுகிறது. முதலிரண்டு பாட்டும் தெளிவாகக் கேட்டன.

கங்காணிப் பகுதியையும் லயத்து வீடு அக்காவின் மறுப்பையும் சேர்த்தே சொன்னேன். அரங்கில் அதைப் பற்றியே கால் மணி நேரம் வாதம் நடந்தது. ஸ்டோன்மனை எல்லோரும் மறந்துவிட்டார்கள். பிறகு முன்வரிசையில் இருந்த என் அத்தை கையை உயர்த்தினார். முப்பது ஆண்டுகள் பால் மரம் வெட்டியவர், ஒன்பது பிள்ளைகள் பெற்றவர். அவர் கேட்டது ஒரே கேள்வி: "இருபத்து மூன்று பிள்ளை பெற்ற அந்த அம்மா எப்போது பிடில் எடுத்து வாசித்தார்?"

என்னிடம் விடை இல்லை. கிராமபோன் ஐயா, உங்களிடம் இருக்கிறதா?

பழைய கிராமபோன் எழுதுகிறார்:

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஹாட்டி 1920-களில் கணவரோடு பதிவுக்குப் போனார். 1927-இல் பிரிஸ்டலிலும் அவர் இருந்தார். அப்போதே வீட்டில் பல பிள்ளைகள். பிற்காலத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து மேடையேறினார். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த ஓர் அறை வீட்டில் பிடில் எங்கே தொங்கியது, எப்போது கீழே இறங்கியது என்பதை அத்தையைப் போன்றவர்கள்தான் நமக்குச் சொல்ல வேண்டும். அடுத்த கூட்டத்தில் அவரைப் பேச வையுங்கள். நான் தைப்பிங்கிலிருந்து பேருந்து ஏறி வருகிறேன்.